பல் பிடுங்கிய பின்: வீட்டில் தேறும் நாட்களின் வரலாறு

கடைவாயின் கோடியில் முளைக்கும் ஞானப்பல்லை அறுத்து எடுத்த பின் புண் ஓரளவு தேற ஒரு வாரம் பிடிக்கும். முதல் நாள் இரத்தம் கசியும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் கன்னம் வீங்கி உச்சத்துக்குப் போகும். வாயை விரல் அகலத்துக்கு மேல் திறப்பதே பாடாகும். நான்காம் நாளிலிருந்து வீக்கம் வடியத் தொடங்கும். தையல் போட்டிருந்தால் வாரக் கடைசியில் பிரிப்பார்கள், அல்லது நூல் தானாகக் கரைந்துவிடும். இந்த நாட்களில் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. பல் மருத்துவரின் வேலை அரை மணியிலோ ஒரு மணியிலோ முடிந்துவிடும். அதன் பிறகான பொறுப்பு நோயாளிக்கும், அவருக்குக் கஞ்சி காய்ச்சித் தருபவருக்கும் உரியது.

பல் பிடுங்கும் தொழிலுக்கு விரிவான வரலாறு இருக்கிறது. இடுக்கிகளின் வடிவம், மயக்க மருந்தைக் கண்டவர்களின் போட்டி, சந்தைகளில் பல் பிடுங்கியவர்களின் ஆரவாரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. பிடுங்கிய மறுநாளைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வதோ ஓரிரு வரிகள்தான். அந்த வரிகளைக் கால வரிசையில் சேர்த்துப் படித்தால் இரண்டு பெரிய மாற்றங்கள் தெரிய வருகின்றன. பல் இருந்த குழியில் ஊறும் இரத்தம் நெடுங்காலம் ஒழுகித் தீர வேண்டிய கெட்ட நீராக எண்ணப்பட்டது. கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளில்தான் அது காப்பாற்ற வேண்டிய பொருளானது. இன்னொன்று வலி பற்றியது. பல் பிடுங்கும் நாற்காலியில் இருந்த வலி, மயக்க மருந்து வந்த பின் நோயாளியோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவக் களஞ்சியம் எழுதிய செல்சஸ், பல்லைப் பிடுங்குவதை அபாயமான காரியமாகவே கருதினார். முதலில் பல்லைச் சுற்றி ஈறைச் சுரண்டி விலக்க வேண்டும்; பிறகு பல் ஆடும்வரை அசைக்க வேண்டும்; உறுதியாக நிற்கும் பல்லை இழுத்தால் தாடை பிசகலாம் என்றார். மேல்வரிசைப் பல்லில் ஆபத்து இன்னும் கூடுதல், அதிர்ச்சி நெற்றிப்பொட்டையும் கண்ணையும் தாக்கக்கூடும் என்பது அவர் கருத்து. பிடுங்கிய பின் இரத்தம் அளவுக்கு மீறிப் பெருகினால் எலும்பில் ஏதோ ஒரு துண்டு உடைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும், துழாவிக் கண்டுபிடித்து அதை எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினார். பிந்தைய கவனிப்பு என்று அவரிடம் கிடைப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். ஆனாலும் நிற்காத இரத்தத்துக்குக் காரணம் தேடச் சொன்ன முதல் குரல்களில் அது ஒன்று.

இந்திய மரபில் சுசுருத சம்ஹிதை இதைவிட விரிவாகப் பேசுகிறது. தாடையின் கடைசிப் பல்லருகே பெரும் வீக்கமும் கடும் வலியும் எச்சில் ஒழுகலும் உண்டாகும் நோயை அது 'அதிமாம்சகம்' என்று பெயரிட்டுத் தனியே சொல்கிறது. பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறு சீழ்க்கட்டும் நிலையை இன்றைய பல் மருத்துவர்கள் இந்த விவரிப்போடு ஒப்பிடுவதுண்டு. அங்கே வளர்ந்திருக்கும் தசையை வெட்டி நீக்கி, வசம்பு முதலான சரக்குகளின் பொடியைத் தேனில் குழைத்துப் பூசவும், திப்பிலியும் தேனும் சேர்த்து வாயில் அடக்கிக் கொப்பளிக்கவும், பேய்ப்புடல், திரிபலை, வேம்பு சேர்ந்த கஷாயத்தால் புண்ணைக் கழுவவும் நூல் சொல்கிறது. வெட்டுவது வைத்தியரின் வேலை. பூசுவதும் கொப்பளிப்பதும் கழுவுவதும் அடுத்து வரும் நாட்களில் வீட்டில் நடக்க வேண்டியவை. அறுவைக்குப் பிந்தைய வாய்க் கவனிப்பை ஒழுங்காக வரிசைப்படுத்திய மிகப் பழைய எழுத்துகளில் இதற்கு இடம் உண்டு.

அதே நூல் பல் நோயாளி தவிர்க்க வேண்டியவற்றையும் பட்டியலிடுகிறது: புளித்த பழங்கள், குளிர்ந்த நீர், வறண்ட சோறு, பல் துலக்குதல், மிகக் கடினமான தின்பண்டங்கள். இன்று எந்தப் பல் மருத்துவமனையிலும் கொடுக்கும் அறிவுரைச் சீட்டோடு இதை வைத்துப் பார்க்கலாம். கடினமான தின்பண்டமும் உலர்ந்த உணவும் இன்றும் கூடாது. புண்ணின் மேல் பிரஷ் படக் கூடாது என்பதும் அப்படியே இருக்கிறது. குளிர்ந்த நீர் விஷயத்தில் மட்டும் இன்றைய மருத்துவம் எதிர்த்திசையில் போய்விட்டது. முதல் நாள் குளிர்ந்த பானமே நல்லது, சூடானது இரத்தக் கசிவைத் தூண்டும் என்கிறது.

மேல்வரிசைப் பல் ஆடினாலும்கூட அதைப் பிடுங்கக் கூடாது என்றும் சுசுருதம் எச்சரிக்கிறது. இரத்தம் மிகுதியாகப் போய்க் கண் பறிபோகும், முகவாதம் வரும் என்பது அது தரும் காரணம். செல்சஸும் இதே பயத்தைத்தான் சொன்னார். தமிழ்நாட்டில் மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று இன்றும் பலர் தயங்குகிறார்கள். பல் மருத்துவர்கள் அடிக்கடி பதில் சொல்ல வேண்டியிருக்கும் கேள்வி இது. மேல் பற்களுக்கு உணர்வு தரும் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. சொத்தை முற்றிச் சீழ் கண்குழிவரை பரவுவது அரிதாக நடக்கும். அது பல்லை எடுத்ததால் வருவதல்ல, எடுக்காமல் விட்டதால் வருவது. தக்க மருந்தில்லாத காலத்தில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்த கண்கள் அப்படி முடிவு கட்டியதில் வியப்பில்லை.

கி.பி. 1000 வாக்கில் ஸ்பெயினின் கோர்டோபாவில் 30 பகுதிகள் கொண்ட 'அல்-தஸ்ரீஃப்' என்னும் மருத்துவ நூலை எழுதிய அல்-சஹ்ராவி, நாவிதர்கள் அவசரப்பட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு நோயுற்ற பல்லை விட்டுவிடுவதைக் கண்டித்தார். வலி எந்தப் பல்லில் என்று நோயாளியே ஏமாந்து போவார், நிச்சயப்படுத்திக்கொண்ட பின்பே கை வைக்க வேண்டும் என்றார். பிடுங்கிய பின் திராட்சை மதுவாலோ, உப்புச் சேர்த்த புளிக்காடியாலோ வாய் கொப்பளிக்கச் சொன்னார். இரத்தம் நிற்காவிட்டால் துத்தம் போன்ற உலோக உப்பைப் பொடித்துக் குழியில் அடைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் சூட்டுக்கோல். உப்பால் கொப்பளிக்கும் வழக்கம் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியாகவே தோன்றியிருக்கக் கூடும். ஆனால் அறுவை நூலில் அது எழுத்தாக நிற்கும் பழைய இடங்களில் இதுவும் ஒன்று.

பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராயிருந்த ஆம்ப்ருவாஸ் பாரே, மறுநாளை மனத்தில் வைத்து எழுதியவர். பல்லை எடுத்ததும் இரத்தத்தைத் தாராளமாக ஒழுகவிட வேண்டும். அப்போதுதான் வலி குறையும், வீக்கத்துக்குக் காரணமான கெட்ட நீரும் வெளியேறும். பிறகு ஈறை இருபுறமும் விரலால் அழுத்தி, இழுத்த வேகத்தில் விரிந்து கிழிந்த குழியை மூடிவிட வேண்டும். கடைசியாகப் புளிக்காடி கலந்த நீரால் வாயைக் கழுவ வேண்டும். காற்று வீசும் நாளாயிருந்தால் நோயாளி வெளியே அதிகம் நடமாடக் கூடாது, இல்லையேல் பல்லில் புதிதாக நீர் இறங்கும்.

இந்த நான்கு அறிவுரைகளுக்கும் பின்னால் இருப்பது உடலின் நான்கு நீர்கள் பற்றிய பழைய கொள்கை. கொள்கை போய்விட்டது, அறிவுரைகளுக்கு வெவ்வேறு கதி நேர்ந்தது. ஈறை விரலால் அழுத்துவதை இன்றும் பல் மருத்துவர்கள் செய்கிறார்கள். இரத்தத்தை ஒழுகவிடுவது முற்றிலும் தலைகீழானது. காற்றுப் படக் கூடாது என்ற எச்சரிக்கை மருத்துவ நூல்களிலிருந்து மறைந்தும் வீடுகளில் தங்கிவிட்டது. தாடையைச் சுற்றித் துணி கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட உருவம் ஐரோப்பிய ஓவியங்களிலும் கேலிச் சித்திரங்களிலும் பல்வலியின் அடையாளமாகவே ஆனது. தமிழ் வீடுகளிலும் காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் என்ன நடந்தது என்று கேட்காமலே தெரியும்.

பாரே போன்ற அறுவை மருத்துவரிடம் பல்லைக் கொடுக்க வாய்த்தவர்கள் சிலர்தான். பெரும்பாலோர் நாவிதரிடமோ, கொல்லரிடமோ, ஊர் ஊராகச் சுற்றும் பல் பிடுங்கிகளிடமோ போனார்கள். பாரிஸின் போன் நெஃப் பாலத்தில் மேடை போட்டு, கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கியவர்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நகரக் காட்சிகளில் ஒன்றாக இருந்தனர். ஊர் சுற்றும் வைத்தியருக்குப் புண் ஆறியதா, சீழ் வைத்ததா என்று திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. இந்த வரலாற்றில் மறுநாள் காணாமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பிடுங்கியவர் எழுதவில்லை, வலியோடு படுத்திருந்தவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது.

விதிவிலக்காக மறுநாளும் அதற்கடுத்த மாதங்களும் பதிவான ஒருவர் உண்டு: பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி. 1685-இல் அவருடைய மேல்தாடைப் பற்களைப் பிடுங்கியபோது எலும்பும் சேர்ந்து பெயர்ந்தது. வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழுந்து, குடிக்கும் நீரும் கொப்பளிக்கும் நீரும் மூக்கு வழியாக வந்தன. அரச மருத்துவர் தாக்கேன் எழுதிவந்த உடல்நலக் குறிப்பேட்டில் இது இருக்கிறது. 1686-இன் தொடக்கத்தில் அந்தத் துளையை அடைக்க மன்னருக்குப் பதினான்கு முறை சூடு வைக்கப்பட்டது. ஐரோப்பாவின் மிகச் சக்தி வாய்ந்த மனிதருக்கே கிடைத்த சிகிச்சை இது. மேல் கடைவாய்ப்பல்லின் வேருக்கும் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கும் இடையே சில இடங்களில் மெல்லிய எலும்புதான் உண்டு. இன்றும் மேல் ஞானப்பல் எடுத்தவரிடம் மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவே காரணம்.

1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய நண்பர் ஜான் ரிக்ஸ் அவருடைய ஞானப்பல் ஒன்றைப் பிடுங்கினார். வெல்ஸுக்கு வலிக்கவில்லை. 1846 செப்டம்பரில் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து ஒருவரின் பல்லை எடுத்தார். அடுத்த மாதம் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் மயக்கத்தில் அறுவை நடந்தது. 1884-இல் வில்லியம் ஹால்ஸ்டெட் கோகெய்னை ஊசி வழியாகக் கீழ்த்தாடை நரம்பருகே செலுத்தி அந்தப் பக்கத்தை மரத்துப்போகச் செய்தார். கோகெய்னின் அடிமைத்தனத்துக்கு அவரே பலியானவர். அந்த ஆபத்து இல்லாத புரோகெய்னை ஆல்பிரட் ஐன்ஹார்ன் 1904-05இல் உருவாக்கினார். ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்க்ரென் 1943-இல் உருவாக்கிய லிடோகெய்ன் 1948-இல் விற்பனைக்கு வந்தது. இன்று பல் மருத்துவர் போடும் மரப்பூசி பெரும்பாலும் அதுதான்.

மயக்க மருந்து வந்ததும் அவசரம் போயிற்று. அதற்கு முன் ஒரே இழுப்பில் வராத பல்லை நோயாளியும் தாங்கமாட்டார், வைத்தியரும் தொடமாட்டார். இப்போது ஈறைக் கீறி விலக்கி, எலும்பைச் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி எடுக்கும் பொறுமை சாத்தியமானது. 1895-இல் ரான்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே மறு ஆண்டே பற்களைப் படம் பிடிக்கத் தொடங்கியது. எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் ஞானப்பல் கண்ணுக்குத் தெரிந்தது. 1926-இல் ஜார்ஜ் வின்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கீழ்த்தாடையில் சிக்கிய ஞானப்பல்லை எடுப்பது பற்றி மட்டுமே ஒரு பெருநூல் எழுதினார். பல் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து அவர் வகுத்த பிரிவுகளை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இப்படி வளர்ந்த கலையின் மறுபக்கம்தான் வீங்கிய கன்னம். ஆடும் பல்லைப் பிடுங்கியவருக்கு ஒரு நாள் வலி. எலும்பைக் குடைந்து எடுக்கப்பட்டவருக்கு ஒரு வாரம்.

மரத்துப்போன தாடை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் உணர்வு பெறும். அதற்குள் நோயாளி வீட்டில் இருப்பார். வலியின் உச்சம் அன்று மாலையிலும் இரவிலும் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இரவுக்கு இருந்த மருந்துகள் அபின் கலந்த லாடனம், பிராந்தி, கிராம்புத் தைலம். கிராம்பில் உள்ள யூஜெனால் நரம்பை ஓரளவு மரக்கச் செய்யும் என்பது உண்மை. தமிழ் வீடுகளில் கிராம்பைக் கடித்துக்கொள்வதும், பஞ்சில் தைலம் நனைத்து வைப்பதும், பாரிஸில் 1728-இல் பல் மருத்துவத்தின் முதல் முழுமையான நூலை வெளியிட்ட பியேர் ஃபோஷார் சொத்தைப் பல்லில் கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களை வைத்ததும் ஒரே அறிவின் இரு கிளைகள். 1899-இல் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினை விற்கத் தொடங்கியது. வலிக்கு நல்ல மாத்திரைதான். ஆனால் இரத்தம் உறைவதை அது தடுக்கும் என்பது தெரிந்த பின், புதிதாகப் பல் எடுத்தவருக்கு அது ஏற்றதல்ல என்றாயிற்று.

இரத்தம் உறைவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் புரியவைத்தது இந்த வாரத்தின் மிகக் கொடிய சிக்கல். பல் எடுத்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், ஆறிக்கொண்டு வந்த வலி திடீரெனத் திரும்பும், காதுவரை தெறிக்கும், வாய் நாறும், குழியைப் பார்த்தால் இரத்தக்கட்டி இருக்காது, எலும்பு வெறிச்சென்று தெரியும். அமெரிக்கரான கிராஃபோர்ட் 1896-இல் இதை 'டிரை சாக்கெட்' என்ற பெயரில் விவரித்தார். சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர்வரை இதற்கு ஆளாகிறார்கள். கீழ்த்தாடையில் சிக்கிய ஞானப்பல் என்றால் இந்த அளவு பல மடங்கு கூடும். சில ஆய்வுகளில் நூற்றுக்கு முப்பதைத் தொட்டிருக்கிறது.

குழி ஆறும் விதம் மனிதர்களிடத்திலேயே ஆராயப்பட்டது. எம். எச். ஆம்லர் 1960களில் தன்னார்வலர்களின் பல் குழிகளிலிருந்து வெவ்வேறு நாட்களில் சிறு திசுக்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். முதலில் இரத்தக்கட்டி. ஒரு வாரத்துக்குள் அதன் இடத்தில் புதுத் தசை முளைக்கிறது. அடியிலிருந்து எலும்பு உருவாகத் தொடங்கி, 38-ஆம் நாள் வாக்கில் குழியின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்புகிறது. வெளியே ஈறு மூடிக்கொண்ட பின்னும் உள்ளே வேலை பல வாரங்கள் நடக்கிறது. இரத்தக்கட்டி இந்த வேலைக்கெல்லாம் சாரம் கட்டித் தருகிறது. அது முன்னதாகவே கலைந்தால் எலும்பின் நரம்பு முனைகள் காற்றுக்கும் எச்சிலுக்கும் உணவுக்கும் வெளிப்பட்டு நிற்கும்.

கட்டி ஏன் கலைகிறது? கொப்பளித்து அடித்துக்கொண்டு போவதால் என்று முதலில் நினைத்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்லுஃப் பர்ன் 1970களின் தொடக்கத்தில் வேறு விளக்கம் தந்தார். அடிபட்ட எலும்பிலிருந்து வெளியாகும் பொருட்கள் இரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜெனைப் பிளாஸ்மினாக மாற்றி, இரத்தக்கட்டியை உள்ளிருந்தே கரைக்கின்றன என்றார். எலும்பை அதிகம் குடைந்தால் ஏன் இந்தச் சிக்கல் கூடுகிறது என்பதற்கு அது பதிலாக இருந்தது. புகைப்பவர்களிடமும் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களிடமும் இது அதிகம் என்பதும் பின்னர் தெரிந்தது. மரப்பூசியோடு சேர்க்கும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் குழியில் போதிய இரத்தம் ஊறாமல் செய்கிறதோ என்ற சந்தேகமும் எழுந்தது. 'இரத்தத்தை ஒழுகவிடு' என்ற பாரேயின் சொல் இங்கே முற்றாகக் கவிழ்கிறது. பஞ்சுத்துணியை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும், அன்று முழுவதும் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, உறிஞ்சுகுழலில் குடிக்கக் கூடாது என்ற இன்றைய விதிகள் எல்லாம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கட்டிய வேலி. இவற்றில் புகையைப் பற்றிய சான்று வலுவானது. உறிஞ்சுகுழலைப் பற்றியதோ பெரும்பாலும் அனுமானம். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் நிலைத்திருக்கிறது.

குழியில் தொற்று ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய தலைமுறை நன்றாக அறிந்திருந்தது. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் பரவி மூச்சை அடைக்கும் நிலையை 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்தார். பெனிசிலின் வருமுன் அந்த நோய் கண்டவர்களில் பாதிப்பேர் இறந்தார்கள். அதனால் 1940களில் சல்ஃபா மருந்துகளைக் குழிக்குள்ளேயே வைத்து அடைத்ததும், பிறகு பல் எடுத்த எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் எழுதித் தந்ததும் புரிந்துகொள்ளக் கூடியவை. இன்று அதில் தயக்கம் வந்திருக்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க ஏறத்தாழ 19 பேருக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கிறது என்று 2021-இல் காக்ரேன் தொகுப்பாய்வு கணக்கிட்டது. மீதி 18 பேர் பயனின்றி மருந்து விழுங்குகிறார்கள், கிருமிகள் பழகிக்கொள்கின்றன.

உப்புத் தண்ணீருக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒரு நாள் கழித்து, வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் அடக்கித் தானாக வழியவிட வேண்டும். பாட்டிமார் சொன்ன அந்த வைத்தியத்தை நைஜீரிய மருத்துவர்கள் முறையாகச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கொப்பளித்தவர்களிடம் டிரை சாக்கெட் தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரு நாளில் இரண்டு முறை கொப்பளித்தாலும் ஆறு முறை கொப்பளித்தாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. எந்த நிறுவனமும் விற்று லாபம் பார்க்க முடியாத பொருளைச் சோதிக்க இவ்வளவு காலம் ஆனது.

வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் என்பது இளைய வழக்கம். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸ் பணக்காரர்களுக்கு எட்டியது. சாதாரணக் குடும்பத்தில் ஐஸ் எளிதாகக் கிடைத்தது குளிர்பதனப் பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான். முதல் நாள் குளிர்ச்சி, பின்னர் மெல்லிய வெப்பம் என்று சீட்டுகள் சொல்கின்றன. ஆய்வுகளில் ஐஸின் பலன் சிறிதாகவே தெரிகிறது. கன்னத்தின் மேல் குளிர்ந்த துணி தரும் ஆறுதலோ நோயாளிக்குத் தெரிந்ததே.

வீட்டில் தேறும் அந்த வாரத்தை ஆராய்ச்சிக்கூடமாக்கியது 1976-ஆம் ஆண்டு. ஸ்டீபன் கூப்பர், வில்லியம் பீவர் என்ற இருவர் வலி மாத்திரைகளைச் சோதிக்க ஞானப்பல் எடுத்தவர்களையே பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். காரணம் எளிது. நோயாளிகள் இளைஞர்கள், வேறு நோய் இல்லாதவர்கள். எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அறுவை. வலி எப்போது தொடங்கும் என்று முன்கூட்டியே தெரியும். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, மணிக்கு மணி வலியின் அளவைக் குறிக்கச் சொல்லலாம். பிரிட்டனில் பூட்ஸ் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் உருவாக்கி 1969-இல் சந்தைக்கு வந்த இபுப்ரோஃபென், அதாவது தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த புரூஃபென், இந்தச் சோதனைகளில் மிக நன்றாகத் தேறியது. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் இன்று விற்கும் மாத்திரைகள் பலவும் ஞானப்பல் எடுத்தவர்களின் குறிப்பேடுகள் வழியாக வந்தவை.

1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் இதே நோயாளிகளிடம் இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார்கள். மருந்தில்லாத வெற்றுக் குப்பியை மருந்தென்று நம்பியே சிலருக்கு வலி குறைந்தது. அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அவர்களுடைய வலி கூடியது. நம்பிக்கை தரும் நிவாரணம் கற்பனையல்ல, உடல் தானே சுரக்கும் வலி நிவாரணியின் வேலை என்பதற்கு முதல் சான்று ஞானப்பல் வலியிலிருந்து கிடைத்தது.

அதே அமெரிக்காவில் இந்த வாரத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் சேர்ந்தது. பதின்வயதின் இறுதியில் ஞானப்பல் எடுப்பது அங்கே ஏறக்குறைய சடங்காகிவிட்டது; அந்த இளைஞர்கள் பலருக்கு வாழ்க்கையில் முதல் அபின் வகை மாத்திரை பல் மருத்துவரின் சீட்டில்தான் கிடைத்தது. 2016-இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிய மருந்துகளில் 22.3 விழுக்காடு அபின் வகையாக இருந்தது. இங்கிலாந்தில் அது 0.6 விழுக்காடு. இரு நாட்டவர் தாடையும் ஒன்றுதான், எடுக்கும் பல்லும் ஒன்றுதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 முதல் 30 வயதுவரை உள்ள எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அபின் வகை மாத்திரையை வாங்கியவர்களில் ஆயிரத்துக்கு 13 பேர் பிறகும் அதைத் தொடர்ந்தார்கள். வாங்காதவர்களில் ஆயிரத்துக்கு 5 பேர். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வயது வந்தோருக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் இபுப்ரோஃபென் அல்லது நாப்ராக்ஸென், தேவையானால் பாரசிட்டமாலும் சேர்த்து, முதல் தேர்வாக வைக்கப்பட்டது.

இந்தியாவில் முறையான பல் மருத்துவக் கல்வி 1920-இல் கல்கத்தாவில் ரஃபியுத்தீன் அகமதுவோடு தொடங்கியது. பல் மருத்துவர் சட்டம் 1948-இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953-இல் ஏற்பட்டது. அதுவரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவர் என்றே அழைக்கப்பட்ட நாவிதர்களும், சந்தையோரப் பல் வைத்தியர்களும்தான் பல் பிடுங்கினார்கள். பிந்தைய கவனிப்பு வீட்டுப் பெண்களிடம் இருந்தது. குழைய வடித்த சாதத்தில் ரசம் அல்லது தயிர், நொய்க்கஞ்சி, பாலில் ஊறிய இட்லி ஆகியவை தமிழ்நாட்டின் பத்தியம். அமெரிக்காவில் ஆப்பிள் கூழும் ஐஸ்கிரீமும். கொரியாவில் அரிசிக் கஞ்சி. காரமும் முறுக்கும் வெற்றிலை பாக்கும் ஆகாது என்று இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; பாக்குத் துணுக்கு குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், புகையிலை சேர்ந்தால் புண் ஆறத் தாமதமாகும்.

இவ்வளவு தொல்லை எல்லாருக்கும் தேவைதானா என்ற கேள்வியும் எழுந்தது. தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டியதில்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளியிட்டது. அறுவைகள் குறைந்தன. ஆனால் அடுத்த பத்தாண்டில் அங்கே ஞானப்பல் எடுத்துக்கொள்பவர்களின் சராசரி வயது 25-இலிருந்து 32-ஆக ஏறியது. அருகிலிருக்கும் பல்லில் சொத்தை விழுந்த பின் வருபவர்களும் கூடினார்கள். இருபது வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் இளகியிருக்கும், புண் சீக்கிரம் ஆறும். முப்பதைக் கடந்தால் எலும்பு இறுகிவிடுகிறது. வீக்கமும் வலியும் கூடுதல் நாட்கள் நிற்கின்றன. உதட்டுக்கும் நாக்குக்கும் செல்லும் நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பும் உயர்கிறது. அமெரிக்காவில் இன்னும் பெரும்பாலும் கல்லூரிக்குப் போகுமுன் வரும் விடுமுறையிலேயே எடுத்துவிடுகிறார்கள். இந்தியாவில் வலி வந்து, வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் பலரும் பல் டாக்டரிடம் போகிறார்கள். அப்போது முதலில் தொற்றை அடக்கி, அதன் பிறகே பல்லை எடுக்க வேண்டியிருக்கிறது.